பேசாலைப் போறணையும் சோளகக் காற்றும்

இனியா, செழியா,

மன்னார்த் தீவில் நான் முதன்முதலில் செய்த வேலை, என் துண்டைத் துரத்திக்கொண்டு ஓடியதுதான். பஸ் நிலையத்தில் இறங்கி, முகத்தைத் துடைக்கலாம் என்று தோளிலிருந்து துண்டை எடுத்தேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மீன் சந்தைப் பக்கம் ஒரு கழுதையின் காலடியில் போய் விழுந்தது. கழுதை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டது.

நம் புதுச்சேரியில் மாடுகள் நடுச்சாலையில் படுத்துக் கிடக்கும் அல்லவா? மன்னாரில் அந்த வேலையைக் கழுதைகள் பார்க்கின்றன. கச்சேரி என்று அவர்கள் சொல்லும் அரசாங்க அலுவலக வாசலில் இரண்டு, ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு கூட்டம். ஹாரன் அடித்தால் மாடாவது தலையைத் திருப்பும். இவை அதுகூடச் செய்வதில்லை.

பேசாலைக்குப் போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. என்ஜின் பெல்ட் அறுந்துவிட்டதாம். நம் ஊராக இருந்தால் கண்டக்டர் பாடு திண்டாட்டம்தான். அங்கே யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் இறங்கி, பஸ்ஸுக்கு மறைவாகக் காற்றுப் படாத பக்கத்தில் வரிசையாக நின்றுகொண்டார்கள். நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார்.

"மேசன் வேலையோ?"

"ஆமாங்க. பேசாலையில ஒரு பேக்கரிக்கு அடுப்பு கட்ட வந்திருக்கேன்."

"ஓ, பெனடிற்றாவின்ர போறணை. உங்களைத்தான் ஊரே பாத்துக்கொண்டிருக்குது. மடுவுக்குப் பாண் வேணுமெல்லோ. போன முறை டவுனிலை எடுத்த பாண் பஞ்சு மாதிரி. தேத்தண்ணியிலை தோச்சா கையிலை ஒண்டும் மிஞ்சேல்லை."

பாண் என்றால் நாம் சொல்லும் பிரெட். விறகு எரித்துச் சூடாக்கும் பேக்கரி அடுப்புக்குத்தான் அங்கே போறணை என்று பெயர். மடு என்பது தீவுக்கு வெளியே, காட்டுக்குள் இருக்கும் மாதா கோயில். நமக்கு வேளாங்கண்ணி மாதிரி. ஆவணித் திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போய், கொட்டகை போட்டு, நாள்கணக்கில் தங்குவார்கள்.

பெனடிற்றா அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். வேளாங்கண்ணிக்கு வந்தபோது, நான் கட்டிய அடுப்பில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, கட்டியவர் யார் என்று விசாரித்து நம் வீடு தேடி வந்தாரே, செழியனுக்குப் பனங்கட்டி கொடுத்தாரே, அவர்தான். கணவர் இல்லை. பேக்கரிதான் அவருக்கு எல்லாம். பழைய போறணையின் கூரை போன திருவிழாவுக்கு முந்தின மழையில் உள்ளே விழுந்துவிட்டது. அன்று முதல் ஊருக்கு டவுன் பாண்தான். மடுவுக்குப் போகும் பேசாலைச் சனத்துக்கு இந்தத் திருவிழாவில் தன் பாண்தான் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் அக்கா சொல்லிவிட்டார்.

"இந்த முறையும் குடுக்காட்டி அடுத்த முறை என்னட்டை ஒருத்தரும் கேக்க மாட்டினம் தம்பி," என்றார், என் தட்டில் பாணும் தேங்காய்ச் சம்பலும் மீன் சொதியும் வைத்துக்கொண்டே. "பிறகு எனக்குப் போறணை எதுக்கு?"

சொதி தேங்காய்ப்பாலில் மஞ்சளாக இருந்தது. நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு பாதியில் கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் காலை இடம் பார்த்தோம். பேக்கரி கடற்கரைக்குப் பக்கத்தில். கடல் வடக்கே. பின்பக்கம் ஒரு கொட்டகை, அரைச்சுவர், மேலே தகரம். அங்கே பாண் சுடுகிறவர் றகீம் நானா. எருக்கலம்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்கிறார்கள். பெனடிற்றா அக்காவும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வாசலைப் பெரிசா வைங்க மேசன்," என்றார் நானா. "என்ட தட்டு அகலம்."

"வாசல் பெருசானா சூடு வெளியில போயிடும் நானா."

"குட்டியா வச்சா நான் வெளியில போயிருவன்."

அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் என்னிடம் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். முதன்முதலாக அடுப்பு கட்டப் போன இடத்தில், வரைபடம் போடுகிற ஓர் அம்மா, பழைய ரோமாபுரி மண்டபம், மாதா கோயில் கூடு, மசூதிக் கூடு என்று வளைந்த கூரைகளைப் படம் படமாகக் காட்டி, அடுப்புக்கும் அவற்றுக்கும் ஒரே கணக்குதான் என்று சொல்லிக் கொடுத்தார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தரைக்கு நடுவில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதில் ஒரு கோலைச் சுழலும்படி மாட்ட வேண்டும். கோலின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கேதான் ஒவ்வொரு கல்லும் உட்கார வேண்டும். அப்படிக் கட்டினால் கூடு உருண்டையாக எழும்பும். நெருப்பு எந்த மூலையிலும் ஒளிய முடியாது, ஏனென்றால் மூலையே இல்லை. கூட்டின் உள் உயரம் எட்டுப் பங்கு என்றால் வாசலின் உயரம் ஐந்து பங்கு. கூடினால் சூடு ஓடிவிடும், குறைந்தால் தீ மூச்சுத் திணறும். புகைக்குழாய் கூட்டின் உச்சியில் வரக்கூடாது. வாசலுக்கு முன்னால் வர வேண்டும். அப்போதுதான் தீ உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியேறும். அழகுக்காக எதையும் ஒட்டக்கூடாது. அளவு சரியாக இருந்தால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

இது போக, நானாகப் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. அடுப்பின் முதுகு கடலுக்கு, வாய் ஊருக்கு. புதுச்சேரியில் எத்தனையோ கட்டிவிட்டேன், எல்லாம் அப்படித்தான். இங்கேயும் அப்படியே கயிறு பிடித்தேன். முதுகு வடக்கே கடலுக்கு, வாய் தெற்கே.

வாசலின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினேன், உயரத்தைத் தொடவில்லை. நானா தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். அது சம்மதமா இல்லையா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

தீவு முழுக்க மணல். ஆனால் ஒரு கூடைகூட எனக்கு ஆகாது. கடல் மணலில் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். கட்டின கலவை பொரிந்து உதிரும். அதனால் அக்காவின் தம்பி யூட்டோடு, தீவுக்கு வெளியே இலுப்பைக்கடவைப் பக்கம் ஆற்று மணலும் களிமண்ணும் வாங்கப் போனேன். யூட் மீன்பிடிக்கிறவன். முப்பது வயது, கலியாணமாகி இரண்டு சின்னப் பிள்ளைகள். ஓட்டியது ஒரு லான்ட்மாஸ்டர். முன்னால் என்ஜினும் இரண்டு சக்கரமும், பின்னால் பெட்டி. அதில் உட்கார்ந்து போவது, செழியா, அம்மி மேல் உட்கார்ந்து மலையிறங்குவது போல.

திரும்பி வரும்போது தீவுக்குப் போகிற பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. காவலுக்கு நின்ற ஓர் இளம் ராணுவக்காரர் வந்து பெட்டிக்குள் பார்த்தார். சிங்களத்தில் என்னவோ கேட்டார். யூட் எனக்குத் தமிழில் சொன்னான்: "தீவு முழுக்க மணல்தானே, பிறகு ஏன் மணலை ஏத்திக்கொண்டு போறீங்கள் எண்டு கேக்கிறார்."

"நீ என்ன சொன்ன?"

"உது குடிக்கிற தண்ணி, அங்கை இருக்கிறது கடல் தண்ணி மாதிரி எண்டு சொன்னன்."

அந்த ராணுவக்காரர் மறுபடி ஏதோ சொல்லிச் சிரித்தார். "தன்ர மாமாவும் பேக்கரிதானாம். பாண் சுடுறது சுகம், பாண் சுடுறவனோடை குடும்பம் நடத்திறதுதான் கஷ்டம் எண்டு மாமி சொல்லுவாவாம்," என்றான் யூட்.

டயரை ஒட்ட யூட் போயிருந்த நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. திருவிழா நெருங்குகிறது, இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை. பாலத்தைக் கடந்து பழைய கோட்டைக்கு நடந்தேன். வாசல் வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது, கல் மட்டும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கிறது. ஒட்டவைத்தது போய்விட்டது, அளவு நிற்கிறது. உங்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் மணல் நினைவு வந்தது, ஓடினேன்.

கட்டுகிற நாட்கள் நல்ல நாட்கள். கொழும்பிலிருந்து வந்த நெருப்புச் செங்கல்லைக் கோலுக்குக் கோல் வைத்தேன். காற்றில் களிமண் காய்ந்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிக்கொண்டேன். அது காற்றையும் என்னிடமிருந்து மறைத்துவிட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம் சோறு, கணவாய்க் கறி. நான்கு மணிக்குப் பிளேன்ரீ. பால் இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும். உச்சிக்கல்லை வைத்த அன்று யூட் போறணைமேல் ஏறி உட்கார்ந்து காட்டினான். ஒன்றும் ஆகவில்லை. நானா மட்டும், "யூட் இருக்கிறது பெரிசில்ல. பாண் இருக்கணும்," என்றார்.

அதன் பிறகு வந்தவை பொல்லாத நாட்கள். புது அடுப்பில் எடுத்த எடுப்பில் பெரிய தீ போடக்கூடாது. கல்லுக்குள் ஈரம் இருக்கும், கொதித்து வெடித்துவிடும். வாசலைத் தகரக் கதவால் பாதி மூடி, முதல் நாள் கையளவு தீ, மறுநாள் கொஞ்சம் கூட, இப்படி மெதுவாக உலர்த்த வேண்டும். அந்த நாட்களில் மேசனுக்கு வேலையே இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கடற்கரைக்குப் போவேன், பாதியில் திரும்பி வந்து போறணையைத் தொட்டுப் பார்ப்பேன். அக்கா மா மூட்டைகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினார், மறுநாள் பழைய இடத்துக்கே மாற்றினார். நானா தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டு, கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினார். ஊரில் பாய், பானை, கொட்டகைக் கம்பு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. போகிற வருகிறவர்கள் எல்லாம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மேசன், பாண் எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தார்ப்பாயை அவிழ்த்து, தகரக் கதவையும் எடுத்துவிட்டு முழுத் தீ போட்டோம்.

தீ எப்படி எரிய வேண்டும் என்றால், கூட்டின் முதுகில் ஏறி, உச்சியைத் தடவி, வாசலுக்கு வந்து குழாயில் போக வேண்டும். இது அப்படிச் செய்யவில்லை. பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டு உறுமியது. திடீரென்று புகை முழுவதும் வாசல் வழியாக நானாவின் முகத்தில் வந்தது. பிறகு உள்ளே போனது. மறுபடி வந்தது.

"நான் சொன்னனான்," என்றார் நானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாசல் சரியில்ல."

விறகு எரிந்து முடிந்ததும் தணலை வழித்தெடுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, மாவை உள்ளே வைத்து வாசலை மூடினோம். சூடான கல்தான் பாணைச் சுட வேண்டும். வெளியே எடுத்தபோது பின்வரிசை கரி. முன்வரிசை வெள்ளையாக, விரலால் அமுக்கினால் அமுங்கியது. நானா இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது அடுப்புக்கரி, இது மா. நடுவில பாண் எங்க மேசன்?"

கோலை எடுத்தேன். உள்ளே தவழ்ந்து போய் அளந்தேன். எட்டுக்கு ஐந்து. மறுபடி அளந்தேன். எட்டுக்கு ஐந்துதான். குழாயை அளந்தேன். எல்லாம் சரி. வெளியே வந்து, "அளவு சரியாத்தாங்க இருக்கு அக்கா," என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. கரிந்த பாணை உடைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் அளவு சரியெண்டு சொல்லிப்போட்டுப் போகலாம் தம்பி. நாளண்டைக்கு லொறி வந்து நிக்கேக்கை, நான் அந்தச் சனத்துக்கு அளவைக் காட்டி என்ன செய்யிறது?"

பிள்ளைகளே, திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் வெளியே வந்து நடந்தேன். எங்கே என்று இல்லை. கையில் போறணையின் வரைபடம். காற்று அதைப் பறிக்கப் பார்த்தது. வாசலை உடைத்துச் சிறிதாக்கலாமா? பெரிதாக்கலாமா? ஒவ்வொன்றும் தப்பாகத் தெரிந்தது. பாதையில் நாலைந்து கழுதைகள் நின்றன. எல்லாம் ஒரே பக்கம் வாலை வைத்து, ஒரே பக்கம் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. அவற்றுக்கு அப்பால், தீவின் தெற்குக் கரையில், பெரிய பெரிய காற்றாலைகள். அவையும் எல்லாம் ஒரே பக்கம். ஆனால் முகத்தைக் காட்டிக்கொண்டு. தெற்கும் மேற்கும் கலந்த பக்கத்தைப் பார்த்து நின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்த இயந்திரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அதே பக்கம் பார்த்து என் போறணையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

கொட்டகைக்கு ஓடினேன். சொன்னேன். எங்கள் ஊரில் கடலிலிருந்துதான் காற்று வரும், அதனால் கடலுக்கு முதுகு வைப்போம், அதே பழக்கத்தில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

நானா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "இது தீவு மேசன். நாலு பக்கமும் கடல். எந்தக் கடலுக்கு முதுகைக் காட்டப் போனீங்க?"

யூட் சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். "சோளகம் வீசுற மாசத்திலை சோளகத்துக்கு வாயைத் துறந்து வச்சிருக்கிறார்," என்றான் யூட். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சோளகம். நானாவும் அவனும் அன்றாடம் அதற்குள்தான் நடக்கிறார்கள். மேசன் செய்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று இருவரும் விட்டுவிட்டார்களாம்.

வாசலைத் திருப்ப நேரமில்லை. கட்டி, மறுபடி உலர்த்த வேண்டும். காற்றைத்தான் மறைக்க வேண்டும். நானா நின்று தட்டைத் தள்ளுகிற இடத்தை விட்டு, அதற்கும் அப்பால், கொட்டகையின் தெற்குப் பக்கத்தில் தகரம் அடித்தோம். காற்று தகரத்தின் மேல் ஏறி, இந்தப் பக்கம் குப்புற விழுந்தது. சாம்பல் எல்லாம் எங்கள் தலையில். முன்னையைவிட மோசம்.

திங்கட்கிழமை காலை மறுபடி கடற்கரைக்கு நடந்தேன். யூட்டும் மற்றவர்களும் வலைகளைக் கம்புகளில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தார்கள். திருவிழாவுக்காகத் தொழில் நிறுத்தியாகிவிட்டது, வலைகள் சும்மா கிடந்தன. அவற்றுக்கு மறைவாக நின்று வரைபடத்தைப் பிரித்தேன். காகிதம் படபடக்கவில்லை. தகரத்துக்குப் பின்னால் அது என் கையை விட்டே பறந்திருந்தது. இங்கே மெல்ல அசைந்தது, அவ்வளவுதான். தகரம் காற்றோடு சண்டை போட்டது. வலை அதை உள்ளே விட்டு, விட்டபடியே களைக்க வைத்தது.

யூட்டின் பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினோம். கொஞ்சம் தீ மூட்டிப் பார்த்தேன், புகை நேராகக் குழாயில் ஏறியது. ஆனால் அக்கா மூக்கைச் சுளித்தார்.

"மீன் மணக்குது. எங்கட ஆக்கள் மடுவுக்கு வெளிக்கிட்டா மச்சம் தொடமாட்டினம். பாணிலை மீன் மணம் வந்தா ஒருத்தரும் வாயிலை வைக்காயினம்."

"ஓலை வேலி கட்டலாமே?" என்றேன்.

"ஓலையோ?" என்றார் நானா. "இந்தக் காத்தில ஒரு பொறி போதும். மடுவுக்குப் போகத் தேவையில்ல, இங்கயே திருவிழாதான்."

செடிகளுக்கு நிழலாகக் கட்டுகிற பச்சை வலை கிடைக்குமா என்று டவுன் கடைக்குப் போன் செய்தோம். முடிந்துவிட்டது, திருவிழாவுக்குப் பிறகு வருமாம். அப்போது அக்கா தம்பியைப் பார்க்காமல், போறணையைப் பார்த்தபடி சொன்னார்.

"உன்ர புது வலை இருக்குத்தானே யூட்."

யூட் பழைய வலையைச் சுருட்டத் தொடங்கினான். எனக்குப் பிறகுதான் விளங்கியது. திருவிழா முடிந்து திரும்பியதும் சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் புது வலையைக் கடலில் இறக்குவார்களாம். அதுவரை அதை வீட்டு உள்ளறையில் வைத்திருப்பார்கள். மற்றவர் கைபட விடுவதில்லை.

"அக்கா, அதுக்கு இன்னும் தீர்த்தம் படேல்லை."

"மாதாவிட்டைப் போற சனத்துக்குத்தானே பாண்."

"பொறி பட்டா உருகிப் போகும்."

"ஓம், போகும்," என்றார் அக்கா.

யூட் வெளியே போய்விட்டான். நானா மா சலிக்கத் தொடங்கினார். நான் தகரத்தைப் பிடுங்கி அடுக்கினேன். வருவானா வரமாட்டானா என்று யாரும் கேட்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது, தோளில் வெள்ளை மூட்டையும் கையில் ஒரு வாளித் தண்ணீருமாக வந்தான்.

"நான் பக்கத்திலை நிப்பன்," என்றான். "என்னை ஒருத்தரும் இஞ்சையிருந்து எழுப்பக்கூடாது."

புது வலையை நாலைந்து மடிப்பாகக் கட்டினோம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தீ மூட்டினோம். நெருப்பு பின்சுவரில் ஏறி, கூட்டின் உச்சியைத் தடவி, வாசலுக்கு வந்து, குழாயில் போயிற்று. கூட்டின் உட்பக்கம் கரி பிடித்துக் கறுத்து, பிறகு கரியும் எரிந்து வெளுத்தது. அப்படி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் வெளுத்தால் சூடு சமமாக ஏறிவிட்டது என்று பொருள். யூட் போறணையைப் பார்க்கவே இல்லை. வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறி பறக்கும்போதெல்லாம் கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்தான். தீர்த்தம் தெளிக்கிறான் என்று நானா கேலி செய்தார். அவன் முகம் மாறவில்லை.

முதல் தட்டு வெளியே வந்தது. நானா பின்வரிசைப் பாண் ஒன்றையும் முன்வரிசைப் பாண் ஒன்றையும் எடுத்து, அடியில் விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார். இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"எது எங்க இருந்தது எண்டு சொல்லுங்க பாப்பம்."

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் வரை சுட்டோம். லொறி வந்தது. பாணோடு பாதி ஊரும் ஏறியது. யூட்டின் மனைவியும் பிள்ளைகளும் ஏறினார்கள். அவன் மட்டும் வலை ஆறட்டும் என்று நின்றுவிட்டான். மறுநாள் பஸ்ஸில் போவதாகச் சொன்னான். சின்ன மகள் லொறியிலிருந்து அவன் சட்டையை விடவில்லை. "நாளைக்கு வாறன் அம்மா, நாளைக்கு," என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நானும் மறுநாள் கிளம்புவதாக உங்களிடம் போனில் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை காலை என் பை கட்டி வாசலில் இருந்தது. யூட் வலையை இறக்கி, தரையில் பாய் விரித்து, கண் கண்ணாகப் பார்த்துக்கொண்டு மடித்தான். இரண்டு மூன்று இடத்தில் அவன் கை நின்றதைப் பார்த்தேன். பொறி பட்டிருக்கிறதா என்று கேட்கப் பயந்தேன். அவனும் சொல்லவில்லை. மடித்து முடித்து, கயிறு போட்டுக் கட்டி, பக்கத்தில் தன் பையையும் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

அக்காவின் போன் அடித்தது. மடுவிலிருந்து. காற்றிலும் சனத்தின் இரைச்சலிலும் அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஓம்... ஓம்... முழுக்கவோ?... எப்ப?" போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"விடியவே முடிஞ்சுதாம். பக்கத்துக் கொட்டகைச் சனமும் வந்து வாங்கியிருக்குது. நாளைக்கும் தரச்சொல்லி எங்கட ஆக்கள் கேக்கினம்." பிறகு மெதுவாக, "நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை," என்றார்.

நானா தண்ணீரையும் மாவையும் பார்த்தார். நான் என் பையைப் பார்த்தேன். மூன்று பேரும் யூட்டை மட்டும் பார்க்கவில்லை. அவன் முகம் கழுவிவிட்டு, தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருப்பான். டவுன் பஸ் வரும் சத்தம் பாதையில் கேட்டது. கொட்டகையைக் கடந்து போயிற்று.

யூட் குனிந்து வலை மூட்டையின் கயிற்றை அவிழ்த்தான்.

"அந்தத் தலைப்பைப் பிடியுங்கோ மேசன்," என்றான்.